நட்டு வளர்த்த பருவங்கள்

ஊட்டியிலும் குற்றாலத்திலும் 'சீசன்' என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. குற்றாலத்தில் அது ஆனி, ஆடியில் வீசும் சாரல். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வந்தால்தான் உண்டு. பொய்த்த ஆண்டில் அருவிக்கரைக் கடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊட்டியின் சீசன் வேறு வகை. மே மாத மலர்க் கண்காட்சிக்காக அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவில் பல மாதங்களுக்கு முன்பே விதை தூவுகிறார்கள். நாற்று எடுத்து, ஆயிரக்கணக்கான தொட்டிகளுக்கு மாற்றி, கூட்டம் வரும் வாரத்தில் பூக்கும்படி நாள் கணக்குப் போட்டு வளர்க்கிறார்கள். குளிர் மலை கொடுத்தது. பூ தோட்டக்காரர் கொடுத்தது.

நகரத்தின் பழைய பூங்காக்களுக்கு நடக்கப் போகிறவர்கள் பார்ப்பதும் இந்த இரண்டாவது வகைப் பருவத்தைத்தான். ஆனால் அதை முதல் வகை என்றே எண்ணிக்கொள்கிறோம். தை, மாசியில் பெங்களூரு கப்பன் பூங்காவில் டபேபுயா மரத்தின் இளஞ்சிவப்புப் பூக்கள் தரையை மூடிக் கிடக்கும்போது, 'வசந்தம் வந்துவிட்டது' என்று படம் எடுத்து அனுப்புகிறோம். அந்த மரத்தின் சொந்த ஊர் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். யாரோ கொண்டுவந்து, யாரோ இடம் பார்த்து, யாரோ தண்ணீர் ஊற்றி வளர்த்ததால் இன்று அது நமக்கு வசந்தம்.

நகரப் பூங்காவின் பருவம் எங்கிருந்து வருகிறது, எதனால் நிலைக்கிறது, எதனால் அழிகிறது, அதில் நடக்க யாருக்கு இடம் இருக்கிறது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். பெங்களூருவின் இரு பூங்காக்களை நடுவில் வைத்து, சென்னையையும் சிங்கப்பூரையும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அரசரின் தோட்டம், நகரத்தின் பூங்கா

லால்பாக் பூங்காவாகப் பிறக்கவில்லை. ஏறத்தாழ 1760இல் ஹைதர் அலி அதைத் தம் தோட்டமாகத் தொடங்கினார். திப்பு சுல்தான் விரிவாக்கினார். சிராவில் இருந்த முகலாய பாணித் தோட்டம் முன்மாதிரி. பல நாடுகளிலிருந்தும் விதையும் செடியும் வரவழைக்கப்பட்டன. ஆனால் விதை வந்தால் போதுமா, கை வேண்டுமே. அந்தக் கைகள் திகளர்களுடையவை. தமிழ் மண்ணிலிருந்து வந்து குடியேறிய தோட்டக்காரச் சமூகம் அது. கன்னடத்தில் 'திகளர்' என்ற சொல்லே தமிழரைக் குறித்த பழைய சொல். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த பேச்சு, கீரை, பூ, காய் சாகுபடியில் தலைமுறைத் தேர்ச்சி, தர்மராயர் கோயிலில் திரௌபதி வழிபாடு. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் மல்லிகைக் கரகம் நகரை வலம் வருவது இன்றும் இவர்களின் விழாதான். லால்பாகின் வரலாற்றை எழுதுபவர்கள் அரசர்களையும் ஆங்கிலக் கண்காணிப்பாளர்களையும் வரிசைப்படுத்திவிட்டு, மண்வெட்டி பிடித்தவர்களை ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். வரிசையைத் திருப்பிப் படித்தால் கதை இன்னும் தெளிவாக விளங்கும்.

1856இல் லால்பாக் அரசு தாவரவியல் பூங்காவாயிற்று. 1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரன் காலத்தில் கண்ணாடி மாளிகை எழுந்தது. லண்டனின் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட அதற்கு 1889 நவம்பரில் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். அயல்நாட்டுக் காய்கறிகளைப் பழக்கியெடுத்த சோதனைக் கூடமாகவும் அன்றைய லால்பாக் இருந்தது. நம் சமையலறைகளில் சௌசௌ இன்றும் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்றே வழங்குவதை நினைத்துக்கொள்ளலாம். அதை இங்கே கொண்டுவந்து பயிரிட்ட பெருமையைக் கேமரனுக்குக் கொடுப்பார்கள். இன்று லால்பாகின் பரப்பு சுமார் 240 ஏக்கர்.

கப்பன் பூங்காவின் பிறப்பு வேறு மாதிரி. 1870இல் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி வகுத்த திட்டம் அது. முதலில் மீட்ஸ் பூங்கா என்று பெயர்; பின்பு ஆணையராக இருந்த மார்க் கப்பனின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1927இல் சாமராஜேந்திர பூங்கா என்று அதிகாரப்பூர்வமாக மாற்றியும் மக்கள் வாயில் கப்பன் பூங்காதான். ஒரு பக்கம் பழைய 'பேட்டை', மறுபக்கம் 'தண்டு' எனப்பட்ட கன்டோன்மென்ட். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் விழுந்த பச்சைப் பட்டை அது. அரசருக்காகவோ ஆய்வுக்காகவோ உண்டானதல்ல, உலாவுவதற்கென்றே வகுத்தது. அதனால்தான் லால்பாகில் மரங்களின் பெயர்ப் பலகைகள் அதிகம். கப்பன் பூங்காவில் வளைந்து செல்லும் பாதைகளும் மூங்கில் புதர்களும் அதிகம். ஒன்றில் பார்த்துக்கொண்டு நடக்கலாம், மற்றதில் பேசிக்கொண்டு நடக்கலாம்.

மாதத்துக்கு ஒரு மரம்

பெங்களூருவின் பூக்கும் பருவங்களை விளக்க ஒரு பெயரைச் சொல்லாமல் முடியாது: குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பிகல். 1865இல் ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1893இல் பரோடா மன்னரிடம் பணிக்கு வந்தவர். 1908இல் மைசூர் அரசு அவரை லால்பாகுக்கு அழைத்துக்கொண்டது. 1932 வரை பணி. 1956இல் பெங்களூருவிலேயே காலமானார். அவருடைய முக்கியமான யோசனை எளியது. ஒரே மரத்தை ஊரெல்லாம் நடாமல், பூக்கும் மாதம் பார்த்து மரங்களைத் தேர்ந்தெடுத்து வரிசையாக நட்டால், ஒரு சாலையில் பூ உதிரும்போது அடுத்த சாலையில் மொட்டு விடும். ஆண்டு முழுவதும் நகரத்தின் ஏதோ ஒரு மூலை பூத்தபடியே இருக்கும்.

பஞ்சாங்கத்தை மரங்களால் எழுதுவது என்று இதைச் சொல்லலாம். மார்கழி, தையில் இளஞ்சிவப்பு டபேபுயா தொடங்கும். மாசியில் மஞ்சள் டபேபுயா; கூடவே இலவ மரம் இலை கொட்டிப் பூக்கும், அரசு பழைய இலையை உதிர்த்துவிட்டுச் செம்புத் தளிர் விடும். பங்குனியில் ஜகரண்டாவின் ஊதா. சித்திரை, வைகாசியில் நம் சரக்கொன்றை, மடகாஸ்கரிலிருந்து வந்து 'மே ஃப்ளவர்' ஆகிவிட்ட குல்மோகர், தரையெல்லாம் மஞ்சள் தூளாக உதிர்க்கும் இயல்வாகை, மேகம் போலக் கவியும் தூங்குமூஞ்சி. ஆனிக்குப் பின் பூ குறைந்து இலை ஓங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மரமல்லி. அதைக் கண்ணால் தேட வேண்டாம், காலையில் மூக்கே வழிகாட்டும்.

ஆனால் எல்லாப் புகழையும் ஒரு ஜெர்மானியரின் தோளில் ஏற்றுவது சரியாகாது. அவருக்குப் பின் எச். சி. ஜவரையா, எம். எச். மரிகௌடா போன்ற தோட்டக்கலை அதிகாரிகள் பணியைத் தொடர்ந்தார்கள். 1980களில் வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹாள் தலைமையில் நகரில் சுமார் 15 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. இன்று செல்பேசிகளில் சுற்றிவரும் இளஞ்சிவப்புச் சாலைகள் பலவற்றை அந்த நடவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆகவே பெங்களூருவின் வசந்தத்துக்குக் குறைந்தது மூன்று தலைமுறைத் தோட்டக்காரர்கள் பொறுப்பு.

வெயிலில் ஏன் பூக்கின்றன

வட நாட்டு வசந்தம் பனி உருகிப் பச்சை துளிர்க்கும் காலம். நம் பக்கத்தில் பூக்காலம் புல் காய்ந்து கிணறு வற்றும் காலத்தில் வருகிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு இது முரணாகத் தோன்றும். மரத்தின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு சரியாகவே இருக்கிறது. பின்பனியிலும் இளவேனிலிலும் நீர் குறைகிறது. இலை வழியே நீரை இழக்காமலிருக்கப் பல மரங்கள் இலையைக் கழற்றிவிடுகின்றன. இலையில்லாத கிளையில் பூ இருந்தால் தேனீயும் பறவையும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும். பூ காயாகி முற்றி வெடிக்கும் நேரத்தில் முதல் மழை வரும். விதை ஈரமண்ணில் விழும்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்த தமிழ் மரபு இந்தப் பூங்காக்களை வாசிக்க நாலு பருவக் கணக்கைவிடப் பொருத்தமான கருவி. 'இலையுதிர் காலம்' என்று ஐரோப்பிய நாட்காட்டி சொல்லும் அக்டோபரில் லால்பாக் மழைப் பச்சையில் நிற்கும். இங்கே இலை உதிர்வதும் பூப்பதும் ஒரே மூச்சில் நடக்கின்றன, அதுவும் பின்பனியின் கடைசியில். காலண்டரில் உள்ள படத்தை நம்பிப் போகிறவர் ஏமாறுவார். மாசி வெயிலை நம்பிப் போகிறவர் ஏமாறமாட்டார்.

இதே காரணத்தால் பூக்காலம் தேதி தவறுவதும் உண்டு. வறண்ட நாட்களின் நீளமும் இடையில் பெய்யும் மழையும் மொட்டுக்குச் சைகை கொடுக்கின்றன. பருவம் தப்பி மழை பெய்தால் பூ பிரிந்து பிரிந்து வரும். ஒரே வாரத்தில் மரம் முழுக்கப் பூக்கும் காட்சி கிடைக்காது. அன்றாடம் நடப்பவர்களுக்கே இது முதலில் தெரியும். 'போன வருஷம் இந்நேரம் தரையே தெரியாது' என்று ஒரு முதியவர் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வது வெறும் பெருமூச்சு என்று தள்ளத்தக்கதல்ல. அதுவும் ஒரு பதிவுதான்.

அயல் மரமும் ஊர் மரமும்

இங்கே ஒரு நியாயமான விவாதம் உண்டு. டபேபுயா, ஜகரண்டா, குல்மோகர், தூங்குமூஞ்சி எல்லாமே வந்தவை. அழகுக்காக வந்த மரங்களைக் கொண்டாடி, புங்கம், வேம்பு, நாவல், மருது, இலுப்பை போன்றவற்றை ஓரங்கட்டிவிட்டோம் என்பது ஒரு தரப்பு. நம் பறவைக்கும் பூச்சிக்கும் பழக்கமான உணவும் இடமும் தருபவை ஊர் மரங்களே என்பது அவர்கள் வாதம். மறுதரப்பு, நூறு ஆண்டு இங்கே வேர் விட்ட தூங்குமூஞ்சியின் நிழலில் உட்கார்ந்துகொண்டு அதை அந்நியன் என்பது எப்படி என்று கேட்கிறது.

இந்த விவாதத்துக்கு ஊருக்கு ஊர் வேறு விடை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள பெங்களூருவில் அகன்ற கிளை விரித்த பூமரம் நிம்மதியாக நிற்கும். சென்னையின் கதை வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இயல்வாகையும் குல்மோகரும் கொத்துக் கொத்தாக விழுந்து கிடந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். பெங்களூருவின் பஞ்சாங்கத்தை அப்படியே படியெடுத்துச் சென்னையில் நட முடியாது. கடலோர நகரத்துக்கு முதல் தகுதி காற்றைத் தாங்குவது. பூ அதற்குப் பிறகு. புங்கம் பங்குனியில் விடும் பளபளக்கும் இளந்தளிரும், சித்திரையில் உதிர்க்கும் பொரி போன்ற பூவும், வேம்பின் வாசமும் குறைந்த பருவமா என்ன? பார்க்கப் பழகாததுதான் குறை.

பூங்காவைத் தின்பது எது

1859 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆண்டில் சிங்கப்பூரில் இன்றுள்ள இடத்தில் தாவரவியல் பூங்கா தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், சென்னைக்கு ஒரு மக்கள் பூங்கா வேண்டும் என்று முனைந்தார். 'பீப்பிள்ஸ் பார்க்' உருவானது. 116 ஏக்கர், குளங்கள், வண்டிப் பாதைகள், பின்னாளில் மிருகக்காட்சி சாலை.

சிங்கப்பூர்ப் பூங்கா 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாயிற்று. அங்கே நிற்கும் ஒரு டெம்புசு மரம் அந்நாட்டின் ஐந்து வெள்ளி நோட்டில் இடம்பெற்றிருக்கிறது. சென்னையின் பூங்கா என்ன ஆனது? அதன் நிலத்தில் விக்டோரியா பொது அரங்கம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பின்பு விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையான கட்டடம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. 1985இல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது. மை லேடீஸ் பூங்கா என்ற துண்டு எஞ்சியது. மற்றபடி மிஞ்சியது பெயர்தான்: பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் 'பார்க்'கில் இறங்கி ஏறுகிறார்கள். எந்தப் பார்க் என்று கேட்பவர் இல்லை.

பெங்களூருவும் இதற்கு விலக்கல்ல. கப்பன் பூங்காவை ஒட்டியிருந்த சம்பங்கி ஏரி வற்ற விடப்பட்டு, அந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. அந்த ஏரி நீரை நம்பித் தோட்டம் போட்டவர்களில் திகளர்களும் உண்டு; கரக விழாச் சடங்குக்காக அவர்கள் இன்றும் அங்கே மிஞ்சியுள்ள சிறு குளத்துக்கு வருகிறார்கள். ஏரி போய்விட்டது, சடங்கு வழி மாறவில்லை.

ஆனால் பெங்களூருவில் ஒரு வேறுபாடு உண்டு. 1975இல் கர்நாடகம் அரசுப் பூங்காக்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1998இல் கப்பன் பூங்காவின் ஒரு பகுதியை அந்தப் பாதுகாப்பிலிருந்து விடுவிக்க அரசு முனைந்தபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2009இல் மெட்ரோ பணிக்காக லால்பாகின் சுற்றுச்சுவரை இடித்தபோதும் அப்படியே. எல்லாப் போராட்டமும் வென்றது என்று சொல்ல முடியாது. வந்து நின்றவர்களில் பலர் அங்கே தினம் நடப்பவர்கள் என்பதே கவனிக்க வேண்டியது. சட்டம் காகிதத்தில் காக்கிறது. வெட்டுக்குறி போட்ட மரத்தை அன்று காலையே கண்டுபிடிப்பது நடப்பவரின் கண்.

யாருடைய நடை

அப்படியானால் நடப்பவர் யார் என்ற கேள்வி முக்கியமாகிறது. கப்பன் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது; லால்பாகுக்கு உண்டு. சிங்கப்பூர்ப் பூங்காவில் விடியற்காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை இலவசமாக நடக்கலாம். கட்டணம் பராமரிப்புக்கு உதவும் என்பது உண்மை. கூடவே அது ஒரு சல்லடையாகவும் வேலை செய்யும். குடும்பமாக வரும் கட்டடத் தொழிலாளிக்கு ஐந்து சீட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு. பூட்டும் நேரமும் அப்படித்தான். காலை ஆறிலிருந்து எட்டுவரை என்றால் ஓய்வூதியர்களுக்கும் ஓட்டப் பயிற்சியாளர்களுக்கும் வசதி. வீட்டு வேலை முடித்து மதியம் மூன்று மணிக்கு அரை மணி நேரம் காலாற உட்கார நினைக்கும் பெண்ணுக்கு மூடிய கதவு. நம் நகரங்களில் பல சிறிய பூங்காக்களில் மதியம் பூட்டு தொங்குவதைப் பார்க்கலாம், வெயிலுக்கு நிழல் தேவைப்படும் அதே நேரத்தில்.

மலர்க் கண்காட்சி என்னும் பெருங்கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லால்பாகில் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இரண்டு கண்காட்சிகள். கண்ணாடி மாளிகைக்குள் பூக்களால் கட்டிய உருவத்தின் முன் நிற்க வரிசை வாசல்வரை நீளும். குழந்தைகளுக்கு அது திருவிழா. அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் பூங்காவின் பருவத்தைப் பார்க்க விரும்புகிறவர் கண்காட்சி முடிந்த பின் வரும் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வருவது மேல். அன்று மரங்களுக்கு முன் வரிசை இருக்காது.

அப்படி வருபவருக்குச் சில குறிப்புகள். ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். பூவும் தளிரும் சேர்ந்து கிடைக்கும். இரண்டு முறை என்றால் இரண்டாவதை ஆகஸ்ட், செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். பூ குறைவு, ஆனால் லால்பாக் ஏரிக்கரையின் பச்சைக்கு அதுவே காலம். விடிவதற்குள் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறைமேல் ஏறிவிடுங்கள். அந்தப் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழையது, தேசிய நிலவியல் சின்னம். அதன்மேல் உட்கார்ந்து பார்த்தால் ஹைதரும் நேற்று வந்தவராகத் தெரிவார். இறங்கியதும் வேரே சுவராக எழுந்து நிற்கும் பெரிய இலவ மரத்தைச் சுற்றி வாருங்கள். பிறகு வெளியே வந்து தோசைக்குக் காத்திருப்பதும் பெங்களூரு காலை நடையின் ஓர் அங்கம்தான்.

மறு நடவு

கடைசியாக, பேசப்படாத ஒரு சங்கதி. பூமரங்களுக்கு ஆயுள் உண்டு. க்ரும்பிகல் காலத்தில் நட்டவை நூறை நெருங்குகின்றன அல்லது கடந்துவிட்டன. மழைக்காலத்தில் ஒன்று விழுந்தால் மறுநாள் அறுத்து எடுத்துப் போய்விடுவார்கள். அந்த இடைவெளியில் என்ன நடப்போகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. நாற்றங்காலில் எது மலிவாகக் கிடைத்ததோ அது வந்து உட்காரும். இப்படி இடைவெளி இடைவெளியாகப் பருவம் மாறிப்போகும். எவரும் அழித்ததாகத் தெரியாது.

லால்பாகில் க்ரும்பிகல் பெயரில் ஒரு பழைய அரங்கம் இருந்தது. பராமரிப்பின்றிக் கிடந்த அது 2017இல் மழையில் இடிந்து விழுந்தது. அந்த மழைக்குப் பின் வந்த மாசியிலும் மரங்கள் தம் முறை தவறாமல் பூத்தன. கட்டடம் விழுந்தது செய்தியாயிற்று. முறை தவறாமல் பூத்ததை யாரும் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அது அதிசயமாகத் தோன்றவில்லை.

அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது, பூத்த மரத்தைப் படம் எடுத்த பின், பக்கத்தில் கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் பெயர்ப்பலகை இல்லாத கன்றையும் குனிந்து பாருங்கள். அது என்ன மரம் என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கு எந்த மாதத்தில் வசந்தம் வரும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.